என்னைக் கண்டால் ஓடும் எஞ்சின்

தவராசாவின் எஞ்சின் கடலில் நின்றுவிடும். என்னைக் கண்டால் ஓடும். முல்லைத்தீவுக் கரை வள்ளங்களுக்கு எஞ்சின் வந்த புதிது அது. திருத்துவதற்குத் தண்ணீரூற்று ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து நான் போய்ச் சேரும்போது, அவன் மனைவி நாகேஸ்வரி எஞ்சினைத் துடைத்து, முற்றத்துப் பீப்பாவில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பாள். எஞ்சினைப் பீப்பாவில் மாட்டிக் கயிற்றை ஒரு இழுவை இழுத்தால் போதும், கல்யாண வீட்டு மேளம்போல முழங்கத் தொடங்கிவிடும்.

என் கைக்கு அடங்காத எஞ்சின் இந்தக் கரையில் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்கவேண்டுமா? பிளக்கை மாற்றினேன். எண்ணெயை வடித்துப் பார்த்தேன். பிளக்குக்குப் போகும் வயரின் ரப்பரில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. எலிப் பல் என்று நினைத்தேன். பிளக்கில் தீப்பொறி நன்றாகத்தான் வந்தது. கரையில் ஓடுவது கடலில் ஏன் நிற்கவேண்டும்? சோற்றுக் கோப்பையின் முன்னாலும் தொழுகைப் பாயிலும் அதே யோசனைதான். படைத்தவன் மன்னிக்கட்டும்.

இதற்கிடையில் ஒருநாள் அது நடுக்கடலில் நின்றது. தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று வள்ளத்தை வெளியே தள்ளிக்கொண்டு போக, வேறொரு வள்ளம் கண்டு கட்டி இழுத்து வந்தது. நாகேஸ்வரியின் தமையனை இதே கச்சான்தான் கொண்டுபோனது. அவனை அது திருப்பித் தரவில்லை.

"நானா, இவர் நாளைக்கும் போறனெண்டு நிக்கிறார். இது திரும்பவும் நிண்டால்..." என்றாள் நாகேஸ்வரி. எங்களாட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவளும் என்னை நானா என்பாள்.

"நாளைக்கு நானும் வாறன், தங்கச்சி," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பது நினைவுக்கு வந்தது.

விடிந்ததும் வள்ளத்தைத் தள்ளப்போனோம். நாகேஸ்வரி வந்து எஞ்சின் மூடியைத் திறந்து, சேலைத் தலைப்பால் மறைத்தபடி உள்ளே ஏதோ செய்தாள். திருநீறு பூசுகிறாளாக்கும் என்று நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை எஞ்சின் சாதுவாகத்தான் ஓடியது. தவராசா வேகத்தைக் கூட்டினான். இரண்டு விக்கல் விக்கிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்தான், பிடித்தது. வேகத்தைக் கூட்டினான், மறுபடி நின்றது. என் வயிற்றிலிருந்த இடியப்பம் முழுவதும் கடலுக்குப் போனது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கள்ளன் கடைசியில் என் கண்முன்னே களவெடுத்துவிட்டான்!

மூடியைத் திறந்தேன். பிளக் வயரில் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஒரு அச்சரக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. மந்திரத் தகட்டைச் சுருட்டி அடைத்த, சுண்டுவிரல் அளவான செப்புக் குழாய்.

"இதென்ன தம்பி?"

"நாகேசு காவலுக்குக் கட்டினது, நானா. நீங்கள் வரேக்கை கழட்டி வைச்சிடுவாள். எண்ணெய்க் கை படக்கூடாதாம். கடலுக்கு வெளிக்கிடேக்கை திரும்பக் கட்டுவாள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் என் இடுப்பிலும் அரபில் இசிம் எழுதிய காவல் கூடு தொங்கியது. வள்ளத்தில் கிடந்த சாக்கைத் தலைக்குமேல் போட்டு இருட்டாக்கிக்கொண்டு அவனைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். கம்பி ரப்பரை வெட்டி உள்ளே இறங்கியிருந்தது. கூடு ஆடி எஞ்சினின் இரும்பில் முட்டும்போதெல்லாம் நீலப் பொறி அங்கே பாய்ந்தது. பிளக்குக்கு ஒன்றும் போகவில்லை. மெல்ல ஓடும்போது கூடு சும்மா தொங்கும். வேகம் கூடினால் துள்ளி முட்டும். எவ்வளவு வடிவான விளக்கம்! என் எலியை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

"கழட்டு," என்றேன்.

"அவளைக் கேக்காமல் நான் கை வைக்கமாட்டன், நானா."

ஏசிப் பார்த்தேன். அவன் அசையவில்லை. மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பினோம்.

நாகேஸ்வரி மணலில் அப்படியே நின்றிருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சாக்கை அவள் தலையில் போட்டு, "உள்ளை பார், தங்கச்சி," என்று கயிற்றை இழுத்தேன்.

"நீலமாய்ப் பாயுது. திரும்பக் காட்டுங்கோ."

காட்டினேன். இன்னொரு தடவை கேட்டாள். காட்டினேன். "இது முட்டுறதாலைதான் நிக்குதோ?" என்றாள். ஓம் என்றேன். அவள் சாக்கை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

"நானா, அண்ணை போன வள்ளத்திலையும் நான்தான் கூடு கட்டிவிட்டனான்."

என் கோபமெல்லாம் அந்தக் கணமே அடங்கிப்போனது.

"அதிலை எஞ்சின் இருந்ததோ?"

"இல்லை. பாய் வள்ளம்."

"பாய்மரத்திலை தொங்கிற கூடு என்ன செய்யும்? காத்தை நிப்பாட்டுமோ, கூட்டுமோ? அது கச்சான்ரை வேலை, தங்கச்சி. உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை."

சாக்குக்குள் அவள் அழுதாள். நானும் தவராசாவும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்தவள் கம்பியைத் தானே பிரித்தாள். வலை நூலில் கூட்டைக் கோர்த்துப் புருஷனின் கையில் கட்டினாள். நான் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, வயரின் காயத்தைச் சுற்றிக் கட்டினேன்.

தவராசா தனியே கடலுக்குப் போனான். எஞ்சின் சத்தம் வேகம் பிடித்து, சிறுத்து, இல்லாமல் போனது.

"நிண்டிட்டுதோ, நானா?"

"தூரம் போயிட்டுது," என்றேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

இரண்டு பேரும் காதைக் கொடுத்தபடி நின்றோம். வள்ளம் கண்ணில் படுமுன்னே சத்தம் திரும்பி வந்தது. நாகேஸ்வரி அப்போதுதான் மணலில் உட்கார்ந்தாள்.