வெளியே போய்ச் சாகும் எலி

எலி மருந்து வைப்பது கேவலமான தொழில் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எலியோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பள்ளிக்கூடப் பையில் ஓட்டை, மாவு டப்பா மூடியில் பல் தடம், ராத்திரி முழுக்க உருட்டல். நாங்கள் போய் நின்றால் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத்தான் உள்ளே விடுவார்கள்.

தொழிலில் கைவேலை என் வீட்டுக்காரருடையது, வாய்வேலை என்னுடையது. அவரை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தினால் "ம்", "சரி" என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை வராது. அதனால் ஃபோன் எடுப்பது, ஆளைப் பிடிப்பது, பேசி மடக்குவது எல்லாம் நான்தான். கடை ஷட்டரில் பெரிதாக எழுதியிருக்கும் வாசகமும் நான் கண்டுபிடித்ததுதான். "எங்கள் மருந்தைத் தின்ற எலி உங்கள் வீட்டுக்குள் சாகாது. வெளியே போய்ச் சாகும். நாற்றம் இல்லை, தொல்லை இல்லை." அதை எழுதும்போது அவர், "எல்லா எலியும் அப்படிப் போகாது" என்று முனகினார். "போகாத எலி வந்து புகார் குடுக்கப்போகுதா?" என்று கேட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். அந்த வாசகத்துக்குத்தான் ஆள் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் காலையில் கடையைத் திறந்து வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தெரு அடுக்குமாடியில் மேல் தளத்தில் குடியிருக்கும் டீச்சர், துண்டில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்தார். கைக்குழந்தை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. விஷம் பத்தியெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு நேரா இங்க கொண்டாந்துட்டேன்."

மேஜைமேல் துண்டைப் பிரித்தார். ஆந்தை. கூகை என்று டீச்சர் திருத்தினார். இதய வடிவத்தில் வெள்ளை முகம், தவிட்டு நிற முதுகு. கண் பாதி மூடியிருந்தது. மூக்கோரத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, உறையவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். விடுவிடுவென்று அலமாரியைத் திறந்து, தவறிப்போய் யாராவது மருந்தைத் தின்றுவிட்டால் கொடுப்பதற்காக வைத்திருந்த, ரத்தத்தை உறைய வைக்கும் வைட்டமின் மாத்திரையை எடுத்து நசுக்கித் தண்ணீரில் கரைத்தார். இரண்டு சொட்டு உள்ளே போயிருக்கும். பறவை ஒருமுறை காலை நீட்டியது, அவ்வளவுதான்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரோ மருந்து வச்சிருக்காங்க, இல்லையா அண்ணே?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் திறந்தால் உண்மைதான் வரும் என்று எனக்குத் தெரியும். முந்திக்கொண்டேன்.

"கண்ட கடையில கண்டதை வாங்கி வைக்கிறாங்க டீச்சர். எங்க வைக்கணும், எவ்வளவு வைக்கணும்னு ஒரு அறிவு வேண்டாம்?"

"அதான்க்கா. உங்கள மாதிரி தெரிஞ்சவங்க வச்சா இப்படி ஆகுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அடுக்குமாடியைச் சுற்றி இருக்கிற வீடுகளில் முக்கால்வாசி எங்கள் மருந்துதான். சும்மா தலையை ஆட்டினேன்.

டீச்சர் போவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். மொட்டைமாடியில் பூட்டிக்கிடக்கும் பழைய மோட்டார் அறையில் மூன்று குஞ்சுகள் இருக்கின்றன. செத்தது அப்பா. இனிமேல் தாய் ஒருத்திதான் வேட்டையாடி மூன்று வாயையும் நிரப்ப வேண்டும். "அவளும் இதே மாதிரி ஒரு எலியைத் தூக்கிட்டான்னா மூணும் போச்சுக்கா" என்றார். துண்டோடு பறவையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் மேஜையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"எலி பொந்துக்குள்ளயே செத்திருந்தா அதுக்குக் கிடைச்சிருக்காது" என்றார் கடைசியில். "தள்ளாடிக்கிட்டு வெளிய வருது பாரு, அதைத்தான் சுலபமாத் தூக்குது. ஒண்ணு, ரெண்டு தின்னா தாங்கும். தினமும் தின்னா உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு போயிடும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மருந்து பாக்கெட்டுலயே போட்டிருக்கு. பொடி எழுத்துல."

நீ எழுதிய வாசகம்தானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மனிதர் சொல்லவில்லை. வீடுகளில் மருந்தை உள்ளே போட்டு வைக்கும் பெட்டிகளை அள்ளும் சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கம் வச்சது பூராத்தையும் எடுத்துடணும்."

"வச்சவங்களே போய் எடுத்தா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்."

தனியாக விட்டால் வாசலுக்கு வாசல் உளறிக்கொட்டிவிட்டு வருவார். அந்தப் பயத்தில்தான் நானும் கிளம்பினேன், நல்ல மனசில் இல்லை. வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்தேன். மருந்து காலாவதி ஆகிவிட்டது, எடுத்துக்கொள்கிறோம், புதுச் சரக்கு வந்ததும் மாற்றித் தருகிறோம். கேட்பதற்கு யோக்கியமாகத்தான் இருந்தது.

முதல் வீட்டில் அந்தம்மா கதவைத் திறந்தவுடனே சிரித்தார். "நல்லாத்தானேம்மா வேலை செய்யுது? நீங்க சொன்ன மாதிரியே வெளிய போய்த்தான் சாகுது. நேத்துகூட ஒண்ணு குடிச்சவன் மாதிரி வாசல்ல தள்ளாடிட்டுப் போச்சு."

என் வீட்டுக்காரர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குப்புறப் படுத்துப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

தையல்கடைக்காரர், "வைக்கும்போது ஒரு பேச்சு, எடுக்கும்போது ஒரு பேச்சா?" என்றார். மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த வீட்டுப் பெரியவர் இன்னும் மோசம். "காலாவதியான மருந்தைத் தின்னா எலி உடம்புக்கு ஆகாதோ?" என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். எந்த வாசலுக்குப் போனாலும் நான் சொன்ன வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். நன்றியோடு சொன்னார்கள், அதுதான் பொறுக்கவில்லை. ஒரு கட்டத்தில் யாராவது திட்டினால் தேவலை என்று ஆகிவிட்டது.

கடைசியாக மாவு மில். டீச்சர் குடியிருக்கும் கட்டடத்துக்கு நேர் பின்புறம். எங்களுக்கு இருந்த வாடிக்கையிலேயே பெரிது அதுதான். மற்ற இடமெல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. அலுவலக அறைக்குள் நுழைந்தால், மில்லுக்காரருக்கு எதிரே டீச்சர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மருந்து வைக்காதீர்கள் என்று இடம் இடமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் என் பாட்டை ஆரம்பித்தேன். காலாவதி, புதுச் சரக்கு.

மில்லுக்காரர் கையை ஆட்டினார். "பழசுன்னா என்னம்மா, கொல்லாதுன்னுதானே அர்த்தம்? கொல்லாத மருந்து கிடந்தா என்ன, கிடக்காட்டி என்ன? புதுசு வரும்போது எடுத்துக்கலாம், போங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா? பாருங்க சார், காலையில அந்தப் பறவையைப் பார்த்துட்டு இவங்களுக்கே மனசு கேக்கல. காலாவதின்னு சாக்கு சொல்லி எடுக்க வந்திருக்காங்க. யாரோ செஞ்ச தப்புக்கு இவங்க அலையுறாங்க."

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் பேசாவிட்டால் அவர் பேசிவிடுவார். இந்த ஒன்றையாவது அவர் தலையில் கட்டக் கூடாது என்று தோன்றியது.

"கொல்லும் ஐயா" என்றேன். "நல்லாவே கொல்லும். அதனாலதான் எடுக்க வந்தோம். இன்னைக்குச் செத்த பறவை எங்க மருந்துலதான் செத்துச்சு. கண்ட கடை மருந்துன்னு டீச்சர்கிட்ட பொய் சொன்னேன். இவர் சொல்லல, நான்தான் சொன்னேன்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பார்வையை மட்டும் எடுத்து மேஜைமேல் வைத்தார். இதற்குப் பதில் அந்த மாடிப்படி வீட்டுப் பெரியவர் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டுச் சிரித்திருக்கலாம். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

மில்லுக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க" என்றார். "அப்படியே நீங்களும் இனிமே வரவேண்டாம். முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். என்கிட்டயே பொய் சொல்லிட்டு நிக்கிறீங்க."

நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.

சுவரோரம் வரிசையாக இருந்த பெட்டிகளை என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பல பெட்டிகள் காலி. துடைத்து வைத்தது போல இருந்தன. பக்கத்தில் வந்து நின்ற டீச்சரிடம் அவரே பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியாளிடம் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

"இதைத் தின்ன எலிங்க இன்னும் அஞ்சாறு நாளைக்கு வெளிய சுத்தும் டீச்சர். எடுத்துட்டோம்னு நிம்மதியா இருக்க முடியாது. குஞ்சுங்க வயிறு நிறைஞ்சிருந்தா தாய் ரொம்ப வேட்டைக்குப் போகாது. பொறியில பிடிச்ச நல்ல எலியா நான் தினமும் கொண்டாந்து தர்றேன். மருந்து படாதது. அதுங்களுக்கு வச்சுப் பார்க்கலாமா?"

டீச்சர் ஃபோன் செய்து, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கேட்டார். வைக்கலாம் என்றார் டாக்டர். "சரிண்ணே" என்று டீச்சர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் ஊர்வலம். அவர் கையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, உள்ளே செத்த சுண்டெலிகள். பின்னால் நான். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கிண்டல் செய்தார்கள். தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "என்னப்பா, மாமியார் வீட்டு ஆந்தைக்கு கேரியர் சாப்பாடா?" என்பார். வேறு நாளாக இருந்தால் அவருடைய தையல் லட்சணத்தைப் பற்றி நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

நான் மேலே போகமாட்டேன். கடைசி மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொள்வேன். அவரும் டீச்சரும் மட்டும் போய் மோட்டார் அறை ஜன்னல் வழியாக வைத்துவிட்டு வருவார்கள். டீச்சர் இறங்கும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். "வர்றேன்" என்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அக்கா என்பது இல்லை. அந்த ஒரு சொல் இல்லாதது எனக்கு அப்படி வலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாலாவது நாள் கடைசிக் குஞ்சு படுத்துவிட்டது. தலையைத் தூக்கவில்லை என்றார் அவர். தாய் வெளியே எதையாவது பிடித்துக் கொடுத்திருக்கலாம். டாக்டரைக் கேட்டு, சொன்ன அளவு மாத்திரையைப் பொடித்து எலிக்கறித் துண்டுக்குள் வைத்து அதன் வாயில் ஊட்டினார்கள். ஒரு பறவைக் குஞ்சுக்காக அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மறுநாள் அவர் மட்டும் மேலே போய்விட்டு, படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "என்னைப் பார்த்துச் சீறுதும்மா" என்றார். "கொத்த வருது." சிரித்தார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மருந்து வைப்பதை விட்டுவிட்டோம். இப்போது ஓட்டைகளைச் சிமெண்ட் போட்டு அடைக்கிறோம், கம்பிவலை அடிக்கிறோம், பொறி வைக்கிறோம். வேலை மூன்று மடங்கு, ஆள் பாதி. ஷட்டரை நானே பெயிண்ட் வாங்கி அழித்தேன்.

குஞ்சுகள் பறக்கப் போகின்றன என்று ஒரு சாயங்காலம் டீச்சரே கடைக்கு வந்து கூப்பிட்டார். "நீங்களும் வாங்கக்கா" என்றார். அக்கா என்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பூட்டக்கூடத் தோன்றாமல் பின்னாலேயே போனேன்.

முதல்முறையாக மொட்டைமாடியில் கால் வைத்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். மோட்டார் அறை ஜன்னல் விளிம்பில் மூன்றும் வரிசையாக நின்றன. தாய் எதிரே தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரியது முதலில் போனது. அடுத்தது போனது. படுத்துக் கிடந்து எழுந்த அந்தச் சின்னது ரொம்ப நேரம் முன்னும் பின்னும் ஆடியது. பிறகு விழுவது போல விழுந்து, இறக்கையை விரித்து, மில் கூரைக்கு மேலே சத்தமே இல்லாமல் போயிற்று. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியாது.

"ஆமாக்கா, கேக்கணும்னே இருந்தேன்" என்றார், மில் கூரையைப் பார்த்தபடி. "இந்தப் பக்கம் பூரா மருந்தா இருந்துச்சே, மருந்து படாத எலி தினமும் எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"எங்க வீட்டுலதான் டீச்சர். எங்க தெருவுல. பஸ்ல போற தூரம்."

"அங்க மருந்து வைக்கலையா?"

"அங்க வைக்கிறதில்ல. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். பொறிதான்."

"ஏன்?"

என் வீட்டுக்காரர் சட்டென்று தரையைப் பார்த்தார். அவருக்குப் பதில் தெரியும். எங்கள் தெருவில் மருந்து வேண்டாம் என்று சொன்னவளே நான்தான், கல்யாணமான புதிதில் இல்லை, பிள்ளை பிறந்த பிறகு. இதற்கு ஒரு பொய் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாய்வரைக்கும் வந்தது.

"எங்க பொண்ணு அந்தத் தெருவுலதான் விளையாடுவா" என்றேன்.

டீச்சர் என் கையை விடவில்லை. கீழே, நாங்கள் மருந்து வைத்திருந்த டீச்சர் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யார் அவுட் என்று சண்டை போடும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.