முதலில் வருகிறவன்

நாற்சந்தியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கம்பளியில் சுற்றிய பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, நானும் என் கணவன் ஒப்ராதும் முசுக்கொட்டை மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். விடிந்தும் விடியாத நேரம். பிள்ளைக்கு அடுத்த வாரம் ஒரு வயது. பெயர் வூக். ஓநாய் என்று அர்த்தம். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அப்படித்தான் பெயர் வைப்போம், சாவு கிட்டே வரப் பயப்படட்டும் என்று. எங்கள் வீட்டுக்கு அது இரண்டு முறை வந்து போயிருக்கிறது. என் ஏப்ரனின் பையில் கத்தரிக்கோல் கனத்தது.

பிள்ளைக்கு முதல் முடி வெட்டுகிறவன் கும். அதற்குப் பிறகு அவன் உறவு. ரத்தம் கிடையாது, ஆனால் ரத்தத்துக்கு ஒரு படி மேல். கும்மாக இரு என்று கேட்டால் யாரும் மறுக்கக் கூடாது. கும்மை அடிக்கக் கூடாது, கும் மேல் வழக்குப் போடக் கூடாது. பிள்ளை தங்காத வீட்டுக்காரர்கள் கும்மைத் தேடிப் போவதில்லை. நாற்சந்தியில் பிள்ளையை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முதலில் யார் வருகிறானோ அவன்தான். அது கடவுள் அனுப்பிய ஆள் என்பார்கள். ஒப்ராத் கடவுளை அவ்வளவாக நம்பவில்லை போலிருக்கிறது. தன் சித்தப்பா மகன் ராதென்கோவை முதல் நாளே பார்த்து, விடியற்காலையில் டிராக்டரோடு இந்தப் பக்கம் வந்துவிடு என்று சொல்லி வைத்திருந்தான். இந்த ஊரில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். ஒப்ராதுக்குத் தெரியாமல் ராதென்கோவின் மனைவியிடம் நான் போய், மாதா கோயில் மணி அடித்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மணிக்கு முன்னால் அந்த வழியாக யார் போவார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கால்மான். பால் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தினமும் போகிறவர். ஹங்கேரியர், எங்கள் இனம் இல்லை, போகிற மாதா கோயிலும் வேறு. அவர் கட்டிய செங்கல் சுவர் எங்கள் நிலத்துக்குள் இரண்டு அடி வந்துவிட்டது என்று ஒப்ராத் வழக்குப் போட்டிருந்தான். சுவர் போனால் போகட்டும். எனக்கு மறக்காதது வேறு. எங்கள் இரண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியபோது தெருவெல்லாம் பனி. கார் இருந்தது கால்மான் வீட்டில் மட்டும். அந்த வாசலைத் தாண்டி ஒப்ராத் ஊர்க் கோடி வரை ஓடினான், வேறு வண்டி தேடி. கார் கிடைத்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லட்டும். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது கால்மான் தன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார், எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வூக்குக்கு ஒன்று என்றால் இவன் திரும்பவும் அந்த வாசலைத் தாண்டி ஓடுவான். எனக்கு அது தாங்காது.

கும் என்கிற வார்த்தை இருக்கிறதே, அதற்கு ஊருக்கு ஒரு முகம். ஒப்ராத் வியன்னாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தபோது, கூட இருந்த துருக்கியர்கள் 'கும், கும்' என்று கத்துவார்களாம். யாரோ நம்மை உறவு கொண்டாடுகிறான் என்று இவன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பானாம். அவர்கள் கேட்டது மணல். அந்த வார்த்தைக்கும் எங்கள் வார்த்தைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்களுடையது லத்தீனிலிருந்து வந்தது என்கிறார் பாதிரியார். கூட ஒரு அப்பன் என்று பொருளாம். அதிலிருந்தே பிறந்ததை ருமேனியர்கள் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள். ஹங்கேரியர்கள் கோமா என்கிறார்கள், ஞானத் தகப்பனுக்கும் அதுதான், கூடக் குடிக்கிறவனுக்கும் அதுதான். எல்லோரும் தங்களுடையதுதான் அசல் என்கிறார்கள். எங்களுக்கு மட்டும் அது கதவு மாதிரி, எந்த நேரத்திலும் தட்டலாம்.

சைக்கிள் சத்தம் கேட்டது. ஒப்ராத் என் கையைப் பிடித்தான்.

"அவன்டி! போய்ப் பிள்ளையத் தூக்கிட்டு வா, சீக்கிரம்!"

"கையெடு. முதல்ல வர்றவன் கடவுள் அனுப்புன ஆளுன்னுதானே சொல்வாங்க?"

"ராதென்கோ எங்க தொலைஞ்சான்?"

"வரட்டுமே. ரெண்டாவதா வர்றவன் வெறும் வழிப்போக்கன்."

கால்மான் சைக்கிளை அப்படியே கீழே போட்டார். பால் கொட்டியது. எதுவும் யோசிக்காமல் ஓடி வந்து பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் வைக்கோலையும் எங்களையும் பார்த்தார். அறுபது வருஷமாக எங்கள் நடுவில் இருக்கிறவர், விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"தாரிங்கா, இது வேணாம்மா. எங்க பேச்சுல சாராயக் கடையில தினம் பத்துப் பேர கோமான்னு கூப்பிடுவோம். உங்களுக்கு அது அப்படி இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுதில்ல, அண்ணே. அது போதும்."

"நான் உங்க கோயில் இல்ல."

"முடிக்கு ஏது கோயில்?"

கத்தரிக்கோலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஒப்ராதைப் பார்த்தபடி நின்றார்.

"இவன் வாயால சொல்லணும். அன்னைக்கு என் வாசலத் தாண்டி ஓடுனப்ப நான் ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். கார் சாவி கையில இருந்தது. தட்டுவான்னு நின்னேன். நானாவது வெளியில வந்திருக்கணும். வரல."

எனக்கு இது தெரியாது. ஒப்ராதுக்கும் தெரியாது. வூக் அதற்குள் கால்மானின் மீசையை ஒரு பிடி பிடித்திருந்தான், ஓநாய்க்குட்டிதான். தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒப்ராத் அந்தப் பக்கம் திரும்பினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பவில்லை. என்னிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினான்.

"பார்த்து வெட்டு, கும்," என்றான். "முடி மண்ணுல விழக்கூடாது."

கால்மான் கத்தரிக்கோலை வாங்கினார். கத்தரி ஒரு முறை வெறுங்காற்றைக் கடித்தது. ஒப்ராத் அவருக்கு நேராக மண்டி போட்டு, பிள்ளையின் தலைக்குக் கீழே இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினான். செங்கல்லும் சுண்ணாம்பும் தின்று வெடித்த கைகள். கொட்டிய பால் அவன் முழங்காலை நனைத்துக்கொண்டு ஓடியது. டிராக்டர் வந்து நின்றதையும், ராதென்கோ ஏதோ கேட்டதையும் அவன் கவனிக்கவில்லை. மஞ்சள் முடி ஒரு பிடி உள்ளங்கையில் விழுந்தது. காற்று அதைத் தொடுவதற்குள் மறுகையால் மூடிக்கொண்டான்.