ஏழாவது பாட்டில் டிரம்ஸ்

தங்கை கணவனின் ராக் குழு வெளியிட்ட முதல் ஆல்பத்தை அவன் கேட்கவில்லை. விமர்சனங்களை மட்டும் ஒன்றுவிடாமல் படித்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்தக் குழுவின் டிரம்ஸ்காரன் அவன்தான். ஒரு சண்டையில் குச்சிகளை எறிந்துவிட்டு வெளியேறினான். பின்னாலேயே வந்து கூப்பிடுவார்கள் என்று நினைத்தான். அவர்கள் சுருட்டை என்ற ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது இவன் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறான்.

"டிரம்ஸ்தான் இந்தக் குழுவின் புது முதுகெலும்பு" என்று எழுதியது ஒரு பத்திரிகை. அந்தப் 'புது'வை நாலு நாள் மென்றான். அதைப் படித்த அன்று தேய்த்த லென்ஸ் பிரேமில் நிற்காமல் கழன்று விழுந்தது.

ஆல்பம் வந்த எட்டாம் நாள் ஒரு விமர்சகர் அவன் வயிற்றில் பாலை வார்த்தார்: "எல்லாம் சரி. ஏழாவது பாட்டில் மட்டும் டிரம்ஸ்காரர் தூங்கிவிட்டார்."

பாட்டைக் கேட்காமலே, 'உண்மை ரசிகன்' என்ற பெயரில் இணையத்தில் எழுதினான்: இவருக்கு டிரம்ஸ் எதற்கு, தகர டப்பா போதும். மறுநாள் 'இசைப்பித்தன்' என்ற பெயரில் அதை ஆமோதித்தான். அதற்கடுத்த நாள் 'நடுநிலையாளன்'. பிறகு ஊரே டப்பா டப்பா என்றது.

மதிய இடைவேளையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, ஆல்பம் கேட்டியா?"

"எங்கம்மா நேரம்?"

"புளுகாத. நான் அனுப்பின கவரைக்கூடப் பிரிச்சிருக்க மாட்ட. ஏழாவது பாட்டை எடுத்துட்டு, சுருட்டையை வச்சு மறுபடி பதிவு பண்ணப் போறாங்க. எவனோ வேலையத்தவன் தகர டப்பான்னு எழுதித் தொலைச்சான்."

"நல்லதுதானே. இந்தத் தடவையாவது அவன் முழிச்சிருந்து வாசிக்கட்டும்."

"அவன் எங்க வாசிச்சான்? அது உன் பழைய ரிகர்சல் பதிவு. மச்சான் இல்லாம ஆல்பம் வராதுன்னு உன் மாப்பிள்ளை ஒத்தக்கால்ல நின்னு சேர்த்தாரு. ரெண்டு நாளா சாப்பிடலை மனுஷன்."

அவன் போனை வைத்தான். இழுப்பறையில் ஆல்பம் பிரிக்காமல் கிடந்தது. உறையைக் கிழித்தான். உள்ளே அவன் பெயர் இருந்தது, கண் சோதிக்கும் பலகையின் கடைசி வரி அளவுக்கு.

போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டான். பாட்டைத் தொடங்கக் குச்சிகளை மூன்று முறை தட்டிவிட்டு நாலாவது தட்டை விழுங்கும் பழக்கம் அவனுடையதுதான். இரண்டாவது சரணத்தில் மயிரிழை பின்தங்கினான். விமர்சகர் பொய் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டான். அதே இடத்தில் சுருட்டை பிசகில்லாமல் வாசிப்பதையும் நினைத்துப் பார்த்தான். அதுதான் பொறுக்கவில்லை.

தங்கையைத் திரும்பக் கூப்பிட்டான்.

"மாப்பிள்ளைகிட்ட குடு."

"எதுக்கு? திட்டப் போறியா?"

"இல்ல. அந்த வேலையத்தவன் யாருன்னு சொல்லணும்." கிழித்த உறையைக் கசக்கினான். "மொத்தம் மூணு பேரு."