அலமாரிக் கதவில் ஏறிய யானை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் நீளம் என்று அவர் மனைவியே சொல்வாள். மற்ற விஷயங்களில் மனிதர் அளந்துதான் பேசுவார். மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நிறுத்த முடியாது. அவள் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ரப்பர் போல வளையும் லினோ தகட்டுத் துண்டில் படம் செதுக்குவாள். உருளையால் மை தடவி, தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பாள். குடைக்குள் தூங்கும் பூனை, ஒற்றைச் செருப்புக்குச் சண்டை போடும் இரண்டு காகங்கள் என்று எல்லாமே உள்ளங்கை அளவுப் படங்கள். அவற்றைத் தன் கருவிப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தார் அவர். எந்தக் கட்டடத்தில் பெட்டியைத் திறந்தாலும் அங்கே ஒரு கண்காட்சி நடக்கும்.

வம்பும் அப்படித்தான் வந்தது. கண் மருத்துவமனையில் லிஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, நிர்வாகி அந்த மூடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"நோயாளிங்க காத்திருக்கிற இடத்துல, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவர் மொட்டையா கிடக்கு. இந்த மாதிரி ஒண்ணு பெருசா கிடைக்குமா?"

"கிடைக்குமாவா? ஆள் உயரத்துக்குச் செஞ்சு கொடுப்பா சார் என் வீட்டுக்காரி."

விஷயத்தைக் கேட்டதும் அவள் உருளையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, இந்த மேசையைத் தாண்டி நான் என்னைக்காவது படம் போட்டிருக்கேனா?"

"போட்டதில்ல. அதுக்காக வராமயா போயிடும்?"

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று அவர் தெம்பாக இருந்தார்.

தெம்பு சீக்கிரமே கரைந்தது. முன்பெல்லாம் அவள் கையில் கிடைத்ததையெல்லாம் மையில் தோய்த்து அச்சு எடுப்பாள். பாதி முட்டைக்கோஸ், மகளின் சீப்பு, எதுவும் தப்பாது. ஒருமுறை அவருடைய வேலைச் சட்டை முதுகில் அவர் பூட்ஸின் அடிப்பாகத்தையே அச்சடித்துவிட, அவர் அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். இப்போது மருத்துவமனை என்ற நினைப்பே அவள் முகத்தைப் பரீட்சை எழுதுகிறவள் முகமாக்கிவிட்டது. பெரிய கண் வரைந்தாள். விளக்கு வரைந்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. எதிலும் குறை சொல்ல இடமில்லை. பார்க்கவும் ஒன்றுமில்லை.

"மாத்திரை டப்பா மேல போட்டிருக்கிற படம் மாதிரியே இருக்கும்மா," என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

அம்மா எல்லாவற்றையும் கிழித்தாள். வேலை செய்யும்போது வாய்க்குள் பாடுகிற வழக்கமும் நின்றுபோனது. சொன்ன சொல்லை வாபஸ் வாங்கிவிடலாமா என்று மெக்கானிக் முதல் தடவையாக யோசித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படுக்கையறை அலமாரியின் கீல் கழன்று, கதவு அவர் கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிவந்து கூடத்துச் சுவரில் சாய்த்தார். ஒல்லியாக, உயரமாக நின்றது அந்தக் கதவு. மகள் அதன் பக்கத்தில் விறைப்பாக நின்று, காற்றில் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"எந்த மாடி போகணும் மேடம்?"

"உங்கப்பா இல்லாத மாடி எதுவோ அது," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

"லிஃப்டை ஓட்டறதே அவர்தான் மேடம்."

அம்மாவின் உதட்டோரம் ஆடியது. மெக்கானிக் விடுவாரா? கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, "ஆள் அதிகம், ஆள் அதிகம்! யாராவது ஒருத்தர் இறங்குங்க!" என்று கத்தினார்.

"யானையை இறங்கச் சொல்லுங்கப்பா."

"யானை எங்கடி இருக்கு?"

"உங்க முதுகுக்குப் பின்னாடிதான். நசுங்கிக்கிட்டு நிக்குது பாவம்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தி, கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அசையாம அப்படியே நில்லுங்க. சாக்பீஸ் எங்க?"

பொழுது சாய்வதற்குள் கதவில் ஒரு லிஃப்டே நிரம்பிவிட்டது. தொப்பைக்காரர் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். ஒரு பெண் தலைக்குமேல் கைக்குழந்தையைத் தூக்கியிருக்க, குழந்தை எல்லாப் பொத்தான்களையும் அழுத்திக்கொண்டிருந்தது. ஓர் ஆடு யாரையும் சட்டை செய்யாமல் ஒருவருடைய கோப்பைத் தின்றது. பின்மூலை மட்டும் காலியாக இருந்தது.

"யானையை நீங்க வரைங்க," என்று சாக்பீஸை நீட்டினாள்.

"நானா? எனக்குக் கோடு நேரா வராதே!"

"யானைக்கு எதுக்கு நேர்க்கோடு?"

நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். உருளைக்கிழங்குக்கு இரண்டு தலையணையைக் காதாக வைத்தது போல வந்தது. அழித்துவிடுவாள் என்று துணியையும் எடுத்து வைத்தார். அவளோ உளியை எடுத்து, ஒரு கோட்டையும் மாற்றாமல், அப்படியே செதுக்க ஆரம்பித்தாள். பாட்டும் கூடவே வந்தது. அதற்குப் பிறகு பல நாள் மரச்சீவல் போர்வையில் கிடந்தது, அவர் பூட்ஸுக்குள் கிடந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அச்சு எடுக்கும் நாள் வந்தது. இவ்வளவு பெரிய கதவில் கரண்டி என்ன செய்யும்? கதவைத் தரையில் கிடத்தி, மை தடவி, வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துப் பரப்பி, மேலே கம்பளி போட்டு, மூன்று பேரும் ஏறி நின்றார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் படம் வெளிறிக் கிடந்தது.

"எடை பத்தல," என்றார் மெக்கானிக். எடை விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"குதிக்கலாமா?" என்றாள் மகள்.

"குதிச்சா துணி நகர்ந்துடும். அடிமேல அடி வச்சு, ஒரு இடம் விடாம மிதிக்கணும்."

மகள் பாட்டைப் போட்டாள். கையைக் கோத்துக்கொண்டு மிதித்தார்கள். மிதி சீக்கிரமே ஆட்டமாக மாறியது. அப்போதுதான் வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் முகம் சிவந்து நின்றார். வேடிக்கை பார்க்க அவர் மனைவியும் பின்னாலேயே வந்திருந்தார்.

"மேல என்ன, ஆலையா நடத்தறீங்க? எங்க வீட்டு ஃபேன் ஆடுது!"

மெக்கானிக் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஆசையோடு பார்த்தார். நல்ல கனமான மனிதர்.

"சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."

"எதுல ஏறணும்?"

"மை காய்ஞ்சிடும் சார்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி கெஞ்சலாக. "கதவுல செதுக்கின படத்தைத் துணியில பதிய வைக்கறோம். கொஞ்சம் மிதிச்சுக் கொடுங்க. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

அவர் யோசிப்பதற்குள் அவர் மனைவியே முதுகில் கைவைத்துத் தள்ளி, தானும் ஏறிவிட்டார். முதலில் மரம்போல நின்றார் கீழ் வீட்டுக்காரர். பிறகு மெதுவாக ஓர் அடி. அப்புறம் அவரே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டார்: "இந்த மூலை நான் முடிச்சாச்சு, நீங்க அந்தப் பக்கம் போங்க!"

கம்பளியை எடுத்துவிட்டு, ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துத் துணியை உரித்தார்கள். ஆட்டின் தாடி வரைக்கும் கருகருவென்று விழுந்திருந்தது. மனைவி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். இடுப்பில் கை, மூக்கு நுனியில் மை. இவள் என் வீட்டுக்காரி என்று சொல்லிக்கொள்ள அந்த நேரம் ஊர் முழுக்க அங்கே இருந்திருக்கலாம் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

"இந்தத் தொப்பைக்காரர் நான்தானே?" என்றார் கீழ் வீட்டுக்காரர்.

"ஐயோ இல்ல சார், இது முன்னாடியே செதுக்கினது."

"பரவாயில்ல, நான்னே வச்சுக்குங்க."

சட்டம் போட்டு மருத்துவமனையில் மாட்டிய அன்று, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட அம்மாள் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "இந்த யானை யார் கால் மேல நிக்குது பாருங்க!" என்று அவர் சிரிக்க, வரிசையே எழுந்து வந்தது. சரியாக அந்நேரம் லிஃப்ட் திறந்து ஒரு கும்பல் வெளியே வர, அவர்களைப் பார்த்து எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்து, மனைவி புராணத்தை ஆரம்பிக்கத் தயாரானார். அதற்குள் நிர்வாகி அவர் மனைவியிடம் திரும்பினார்.

"எல்லாமே நல்லா இருக்கும்மா. ஆனா அந்த யானை! அது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

எப்போதும் கணவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அது என் வீட்டுக்காரர் வரைஞ்சது சார்," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "நான் ஒரு கோடு மாத்தல. எனக்கு அப்படி வரைய வராது."

கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. இத்தனை வருஷம் நிற்காமல் ஓடிய வாய்க்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சூடேறியது.

"வேற என்னல்லாம் வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார் கட்டுப் போட்ட அம்மாள்.

"இனிமேதாங்க," என்றார் அவர்.