பெட்டி இழுக்கிற வண்டி

கார் வாங்குவது என்று பேச்சு எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஆளுக்கொரு கார் ஓடிக்கொண்டிருந்தது. சின்னதுரைக்கு நல்ல இழுவை வேண்டும். மகள் நிரோஷாவுக்குக் கூரையில் திறக்கிற கண்ணாடி வேண்டும். செண்பகத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரைப் பார்த்து யாரும் சாவு வண்டி என்று சொல்லிவிடக் கூடாது.

சொல்லமாட்டார்களா பின்னே? சின்னதுரையின் தொழில் அப்படி. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் வெல்டராக இருந்தவன், மில் மூடியதும் பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் என்று வாடகைக்கு விட ஆரம்பித்தான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வந்துகொண்டிருந்த சாமான்களோடு ஒரு வருஷம் ஐஸ் பெட்டியும் வந்து சேர்ந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை செத்தவர்களைக் கெடாமல் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. புதுவாயலைச் சுற்றி எந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும் முதல் போன் சின்னதுரைக்குத்தான். நாற்காலி வாடகை டீச் செலவுக்குக் காணாது, குடும்பம் நடப்பது பெட்டியால்தான் என்பது செண்பகத்துக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மனசு ஒப்பவேண்டாமா?

இதுவரைக்கும் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது ஊர்த்தெரு பச்சையப்பனுடைய குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அவர் அதை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். வேறு குட்டியானைக்காரர்கள் பெட்டி என்றதும் ஆயிரம் சாக்கு சொன்னார்கள். சின்னதுரை யோசித்தான். கையில் வெல்டிங் இருக்கிறது, அப்புறம் என்ன? பெட்டியும் ஜெனரேட்டரும் சேர்ந்து உட்காருகிற மாதிரி இரண்டு சக்கரத்தில் ஒரு டிரெய்லரைத் தானே செய்து முடித்தான். மாடில்லாத வண்டியாக அது வாசலில் நின்றது.

இழுக்க ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வாங்க வக்கில்லை. ஒரே வண்டிதான் பெட்டியையும் இழுக்கவேண்டும், நிரோஷாவைப் பொன்னேரி காலேஜிலும் விடவேண்டும், சிறுவாபுரி கோயிலுக்கும் போகவேண்டும், திருவாலங்காட்டில் இருக்கிற செண்பகத்தின் அக்கா குடும்பத்தையும் சேர்த்து ஏற்றவேண்டும். தவணையில் பாதி செண்பகத்தின் சம்பளம். அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பக்கம் சூப்பர்வைசர். அதனால் அவள் பேச்சைத் தட்டிவிட்டு எதுவும் வாங்கமுடியாது.

ஞாயிறு ஞாயிறாக ஷோரூம் ஏறி இறங்கினார்கள். விற்கிற பையன்கள் எஞ்சினைப் பற்றிச் சின்னதுரையிடம் பேசினார்கள், கலரைப் பற்றிச் செண்பகத்திடம் கேட்டார்கள். அவளா விடுகிறவள்? கடைசி வரிசை சீட்டை நிமிர்த்தச் சொல்லி, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, முட்டி எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். என் அக்கா பின்னால் உட்கார்ந்தால் அவள் காலை எங்கே வைப்பாள் என்று அவள் கேட்ட கேள்வியிலேயே பாதி கார்கள் கழிந்துபோயின.

மீதியை ஸ்டீபன் கழித்துவிட்டான். புதுவாயல் முனையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். முன்சக்கரம் இழுக்கிற வண்டி வேண்டாம், பின்னால் பாரம் அழுத்தினால் முன்பக்கம் தரையில் பிடிக்காது, பின்சக்கரம் தள்ளுகிறதாக, அடியில் இரும்புச் சட்டம் உள்ளதாகப் பாருங்கள் என்றான். செண்பகத்துக்கு ரொம்பப் பிடித்திருந்த, சோபா மாதிரி சீட்டு வைத்த கார் அதோடு காலி. கடைசியில் மிஞ்சியது ஒரு பெரிய டீசல் வண்டி. ஏழு சீட்டு. அகலத்தைப் பார்த்துச் செண்பகமே கொஞ்சம் பயந்தாள். கலரை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சிவப்பு என்றால் சிவப்பு. சாவு வண்டி எங்காவது சிவப்பாக இருக்குமா என்பது அவள் கணக்கு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஸ்டீபன் பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கி வைக்கும்வரை. நம்பர் பிளேட்டுக்குக் கீழே கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்த அதைச் செண்பகம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலமே சட்டம் போட்டுவிட்டாள். பெட்டி இழுத்த அன்றைக்கு அவள் காரில் ஏறமாட்டாள். கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மறுநாள்தான் ஏறுவாள்.

சின்னதுரைக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி டிரெய்லரில் இருக்கிறது, டிரெய்லர் கொக்கியில் இருக்கிறது, காரை எது தொடுகிறது என்று கேட்டான். கொக்கி எதில் மாட்டியிருக்கிறது, காரில்தானே என்று அவள் கேட்டாள். அப்படிப் பார்த்தால் கார் ரோட்டைத் தொடுகிறது, ரோடு கும்மிடிப்பூண்டி வரைக்கும் போகிறது, நீ கம்பெனிக்குப் போகிற பஸ்சும் அதே ரோட்டில்தான் போகிறது என்று அவன் அடுக்கினான். நிரோஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீ இன்னா வேணா சொல்லு. தீட்டு தீட்டுதான்."

சின்னதுரை சிரிப்பை நிறுத்தினான். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அந்த வார்த்தைய மட்டும் நம்ம ஊட்டுல பேசாத, செம்பகம்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டான். செண்பகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி என்ன உலகத்தில் இல்லாததைச் சொல்லிவிட்டாள்? சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வருகிறவர்கள் யார் இருக்கிறார்கள்? அவளுக்குச் சட்டம் சட்டம்தான். அவனும் சட்டப்படியே நடந்தான். பெட்டி இழுத்துவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் தானே காரைக் கழுவி, அவள் சொம்பில் கொண்டுவந்து நீட்டிய மஞ்சள் தண்ணீரைத் தானே தெளித்தான். ஒருநாள் பொன்னேரியில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. காலையில் கார் பெட்டியோடு போய்வந்திருந்தது. சுத்தமாகக் கழுவின கார் வாசலில் பளபளவென்று நிற்க, செண்பகம் பட்டுப்புடவையோடு ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு போனாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. சின்னதுரை கையில் குழம்பு. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். பேசியது வசந்தகுமார், ஊர்த்தெருவில் அரசப்பன் வீட்டுப் பிள்ளை. குரல் உடைந்து போயிருந்தது.

"சின்னதுர, அம்மா போய்ட்டாங்க. பொட்டி எடுத்துகினு சீக்கிரம் வா. வெயிலு தாங்காது." அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். "காரு மட்டும் மாரியம்மன் கோயிலாண்டயே நிக்கட்டும். நம்ம தெரு குறுகல், உன் வண்டி பெருசு, திரும்பாது. அங்கேருந்து எங்க டிராக்டர்ல இழுத்துக்குறோம்."

சரி என்று சின்னதுரை வைத்துவிட்டான். கை கழுவ எழுந்தான்.

செண்பகம் சோற்றில் கை வைத்தபடியே இருந்தாள். வசந்தகுமாரின் அம்மா முத்தம்மாள் செத்துப்போனாளா? அந்த வீட்டு நிலத்தில்தான் செண்பகத்தின் அம்மா காலமெல்லாம் நாற்று நட்டாள். பள்ளிக்கூட லீவில் செண்பகமும் களை எடுத்திருக்கிறாள். முத்தம்மாள் நல்லவள்தான். வயிறு வாடவிடமாட்டாள். செண்பகம் பத்தாவது பாஸ் செய்தபோது பாவாடை தாவணி எடுத்துக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் கையில் தரவில்லை. வாசப்படியில் வைத்துவிட்டு, எடுத்துக்கோ என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் தூக்கித்தான் ஊற்றுவாள், குவித்த கையில். அந்தத் தாவணியைக் கட்டிக்கொண்டு செண்பகம் சந்தோஷப்பட்டதும் உண்டு, அதை நினைத்து அழுததும் உண்டு. இரண்டும் இப்போது சேர்ந்து நினைவில் வந்து நின்றன.

தெரு குறுகலாம். அறுப்புக் காலத்தில் நெல் லாரி அந்தத் தெருவுக்குள் போய்த் திரும்பி வரவில்லையா? அறுக்கிற மிஷின் வரவில்லையா? அதே தெருக்காரர் பச்சையப்பனின் குட்டியானையில் இதே பெட்டி அந்தத் தெருவுக்கு எத்தனை தடவை போயிருக்கிறது? அப்போதெல்லாம் பெட்டியை நடுவழியில் யார் நிறுத்தச் சொன்னார்கள்? பெட்டி வரலாம். இழுக்கிற வண்டிதான் வரக்கூடாது. அதாவது வண்டி யாருடையது என்பதுதான் அகலம். இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே, வாசலில் மஞ்சள் தண்ணீர் சொம்போடு நின்ற தன் முகமும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காரை ஒதுக்கி வைத்ததில் முதல் ஆள் அவள்தானே. வெட்கமாக இருந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம்.

அவள் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது சின்னதுரை டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"நானும் வரேன்."

"பொட்டி இருக்குதே."

"இருந்துட்டுப் போவட்டும்."

அவள் முன்கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்தாள். சின்னதுரை ஏசியைக் கூட்டி வைத்தான்.

நெடுஞ்சாலையில் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே புகுந்து, சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஊருக்குள் போனார்கள். பக்கக் கண்ணாடியில் பெட்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கோயில் முனையில் டிராக்டர் தயாராக நின்றது. டிரைவர் சீட்டில் ஒருத்தன், பக்கத்தில் இரண்டு மூன்று பேர். வசந்தகுமார் தோளில் துண்டோடு, கண்கள் வீங்கிப்போய், அரசமரத்தடியில் நின்றான்.

சின்னதுரை வண்டியை நிறுத்தினான்.

"சாவு ஊட்டுல இன்னா பேச்சு வேண்டிக்கெடக்கு, செம்பகம். கழட்டிக் குடுத்துட்டுப் போயிடுவோம்."

அவன் சொல்வதும் நியாயம்தான். உள்ளே ஒரு உயிர் போய்க் கிடக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இங்கே நின்று வாய்ச்சண்டை போட்டால், பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள் என்று ஊரே காறித் துப்பும். ஊர் கிடக்கட்டும், முத்தம்மாளைக் காக்கவைக்கச் செண்பகத்துக்கே மனசு வரவில்லை. ஆனால் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், இனி எந்தச் சாவுக்கும் அந்த வண்டி கோயில் முனையைத் தாண்டாது. நிரோஷா காலத்திலும் தாண்டாது. அதுவும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். நேராக வசந்தகுமாரிடம் போனாள். அவள் அம்மா இந்தப் பிள்ளையை, அரை டிராயர் போட்டிருந்த காலத்திலேயே, சின்ன ஆண்டை என்றுதான் கூப்பிடுவாள்.

"அழாத தம்பி. அம்மாவுக்கு நல்ல சாவு, படுக்கைல கெடந்து சீரழியல." அவன் தலையாட்டினான். "வண்டி திரும்பாதுன்னு நீ கவலப்படாத. நான் முன்னால நடந்து ரெண்டு பக்கமும் பாத்துக்குறேன். நீ போயி அம்மாவாண்ட இரு."

டிராக்டரில் இருந்தவன் வசந்தகுமாரைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குறுகல் என்று சொல்லியாயிற்று, அதற்கு ஒரு வழியும் வந்துவிட்டது. இனிமேல் தடுப்பதென்றால் உண்மைக் காரணத்தை ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லட்டுமே என்று செண்பகம் நின்றாள்.

வசந்தகுமார் அவளைப் பார்த்தான், சிவப்பு வண்டியைப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டான்.

செண்பகம் சின்னதுரையின் பக்கம் திரும்பிக் கையை அசைத்தாள்.

"வரலாம், வா."

அவள் தெருவின் நடுவில் நடந்தாள். களை எடுக்கப் போன காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போன தெரு அது. இப்போது செருப்புக் காலோடு, நடுவில், பின்னால் அந்தப் பெரிய வண்டி மெதுவாக உருண்டு வர, லெப்டில் ஒடி, நேரே வா, பைக் இருக்கிறது பார் என்று சொல்லிக்கொண்டே போனாள். குரல் முதலில் நடுங்கியது, நாலு வீடு தாண்டியதும் சரியாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்வீட்டுப் பையன் பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து ஓரமாகப் போட்டான். டிரெய்லர் எந்தச் சுவரையும் உரசவில்லை.

வாசலில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்தி, பெட்டியை உள்ளே கொண்டுபோய், ஜெனரேட்டரோடு இணைத்து, முத்தம்மாளைக் கிடத்தினார்கள். கண்ணாடிக்குள் அவள் முகம் சின்னதாக, யாரோ அதட்டிப் படுக்கவைத்த பிள்ளை மாதிரி இருந்தது. செண்பகத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். இன்னொருத்தி நகரவில்லை. விட்ட இடத்தில் உட்கார்ந்து செண்பகம் மனசார அழுதாள். அந்தப் பொம்பளைக்காகவும் அழுதாள், அவள் கையில் தராத தாவணிக்காகவும் அழுதாள்.

அவள் வெளியே வந்தபோது சின்னதுரை வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான். தெருவே வாசலில் நின்றது. திருப்பாமல் கோயில் முனைவரை பின்னாலேயே போய்விடட்டுமா என்று அவன் தாழ்ந்த குரலில் கேட்டான். வேண்டாம், இங்கேயே திருப்பு என்றாள். வண்டியின் பின்னால் போய் நின்று, கையைத் தூக்கி, பின்னால் வா என்றாள். முத்தம்மாள் வீட்டு வாசலில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய சிவப்பு வண்டி ஒருதடவை பின்னால் வந்து, ஒருதடவை முன்னால் போய், திரும்பிவிட்டது.