கல்மேட்டில் வியாபாரம் எப்படி?

கல்மேட்டுக் கடைக்காரர்களிடம் வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் புலம்பித் தீர்த்துவிடுவார்கள். காலையில் வைத்த அன்னாசி அத்தனையும் விற்றுவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்கூட, "எங்கீங்க, ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கறோம்" என்றுதான் சொல்வார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. நன்றாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். மறுநாளே மழை பிடித்துக்கொள்ளும், மலைப்பாதையில் பாறை உருளும், பஸ் வராது. கொல்லிமலையில் மழைக்கும் பாறைக்கும் என்றைக்குமே குறைவில்லை என்பதால் இந்த நம்பிக்கைக்கு இதுவரை ஒரு சேதமும் வந்ததில்லை.

மேனகா இதில் எல்லோரையும் மிஞ்சியவள். அவள் கடை பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருந்தது. முள்ளுக்குறிச்சி வழியாக மலையேறும் பஸ், சோளக்காட்டுக்குப் போகுமுன் கல்மேட்டில் நிற்கும். வளைவு வளைவாகச் சுற்றி வயிற்றைப் பிரட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது, மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவி அவள் நறுக்கி வைத்திருக்கும் அன்னாசிதான். ஒரு துண்டு வாயில் போட்டதும் உயிர் வந்துவிடும். அப்புறம் மிளகு வாங்குவார்கள், மலைவாழை வாங்குவார்கள். கடை அமோகமாக ஓடியது. அதை அவள் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

புருஷன் அப்புசாமிக்கு போர்வெல் லாரியில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு பொட்டல்காட்டில் துளை போட்டுக்கொண்டிருப்பான். அங்கே மழை தொடங்கி லாரி ஊர் திரும்பும்போது அவனும் திரும்புவான். வந்ததும், "கடை எப்படிப் போவுது புள்ள?" என்பான். "ஏதோ போவுதுங்க" என்பாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே போய், அடுத்த நடைக்கும் முதலாளியிடம் பேர் கொடுத்துவிட்டு வருவான். போகாதீங்க என்ற வார்த்தை ஒவ்வொரு முறையும் அவள் நாக்கு நுனிவரை வரும். ஏன் போகக் கூடாது என்று கேட்பானே, அப்போது கடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமே! வாயை மூடிக்கொண்டு வழிக்கு முறுக்கு சுட்டுக் கொடுப்பாள். இந்த முறை சுதந்திர தினம் கழிந்த மறுவாரம் லாரி கிளம்புவதாக இருந்தது.

அதற்குள் கல்மேட்டுக்கே ஆபத்து வந்தது. இரண்டு பேர் டேப்பும் மஞ்சள் பெயிண்டும் கொண்டுவந்து கடை வாசல்களில் கோடு போட்டார்கள். என்ன கோடு என்று கேட்டதற்கு, இதெல்லாம் கார் நிறுத்தும் இடமாகப் போகிறது என்றார்கள். இனி பஸ் இங்கே நிற்காதாம். இரண்டு வளைவு தள்ளி, ஊராட்சி ஆபீசுக்குப் பின்னால் கட்டப்போகும் வணிக வளாகத்துக்குள் போய்த்தான் நிற்குமாம். அங்கே கடை வேண்டுமானால் ஏலம் எடுக்கலாமாம். இத்தனையும் மக்கள் கருத்தைக் கேட்டு எடுத்த முடிவாம்!

"எந்த மக்கள்? எப்பக் கேட்டாங்க?" என்று பக்கத்துக் கடை பெருமாயி ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

மேனகா கத்தவில்லை. நேராக ஊராட்சி ஆபீசுக்குப் போய், மக்கள் கருத்தை எழுதி வைத்த அறிக்கையைக் கேட்டாள். செயலர் சென்றாயன் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு காகிதத்தைக் காட்டச் சொன்னால் சொத்தை எழுதித் தரச் சொன்னதுபோல் பதறுவார்.

"அறிக்கையெல்லாம் ஆபீஸ் சம்பந்தப்பட்டதும்மா. கடைக்காரங்களுக்குக் காட்டறதில்ல."

"எடுக்கறது எங்க கடையைங்க. காட்டறது மட்டும் வேற யாருக்குங்க?"

கிராம சபையில் கேளுங்க என்று அனுப்பிவிட்டார். கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சுதந்திர தினக் கிராம சபைக்கு வழக்கமாகப் பத்துப் பேர் வந்து, கையெழுத்துப் போட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடக் கொட்டகை கொள்ளவில்லை. கல்மேடு மொத்தமும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தது. அப்புசாமியும் வேடிக்கை பார்க்க வந்து கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்துகொண்டான்.

மேனகா எழுந்தாள். "தலைவரம்மா, அந்த அறிக்கையைச் சத்தமாப் படிங்க. எங்களக் கேட்டாங்கன்னா என்ன கேட்டாங்க, நாங்க என்ன சொன்னோம்னு தெரியோணும்."

தலைவர் அருணா முதல்முறை ஜெயித்தவர். சென்றாயன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்ல, அருணா கையசைத்து அவரை விலக்கினார். "படிக்கறதுல என்ன இருக்குது? நானே முழுசாப் படிக்கலை. படிங்க" என்றார்.

வணிக வளாகத்துக்குத் திட்டம் போட்ட கம்பெனியிலிருந்து யமுனா என்ற பெண் வந்திருந்தாள். எழுந்து படித்தாள்.

"கல்மேடு, கடைக்காரர்கள் கருத்து. முதல் கடை: 'ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கறோம்.' அடுத்த கடை: 'இழுத்து மூடிட்டுப் போயிரலாம்னு இருக்குது.' அதற்கடுத்த கடை: 'பஸ்சுல யாருங்க வாராங்க?' ஆகவே, கல்மேட்டில் வியாபாரமும் இல்லை, பயணிகளும் இல்லை. நிறுத்தத்தை மாற்றுவதால் யாருக்கும் பாதிப்பு இல்லை."

பெருமாயி பொங்கினாள். "இழுத்து மூடறேன்னு சொன்னவ எவ?"

"நீங்கதானுங்க அக்கா" என்றாள் யமுனா மரியாதையாக. "சொல்லிட்டு எனக்குப் பலாச்சுளை குடுத்தீங்க. காசுகூட வாங்கல."

கொட்டகை இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. மேனகாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஈ ஓட்டிய முதல் கடை அவளுடையதுதான். சித்திரை வெயிலில் கையில் ஒரு டேப்லட்டோடு வந்த இந்தப் பெண்ணை, மலை சுற்ற வந்தவள் என்று நினைத்து அன்னாசி தந்தது ஞாபகம் வந்தது. தன் கடைக்குத் தானே குழி தோண்டியிருக்கிறாள்!

"எதுக்குக் கேக்கறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றாள்.

யமுனா தலையைக் குனிந்தாள். "சொல்லியிருக்கணும்ங்க. எங்க தப்புதான்."

"சரி, இப்பச் சொல்லுங்க" என்றார் அருணா. "தீர்மானத்துல எழுதிக்கறோம். கல்மேட்டுல வியாபாரம் எப்படி?"

சிரிப்பு பட்டென்று நின்றது. பெருமாயி புடவைத் தலைப்பைப் பிரித்து மடித்தாள். இன்னொருவர் கூரையில் ஓட்டை தேடினார். இத்தனை நேரம் கத்திய வாய்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மைக்கில், ஊர் முன்னால், அதுவும் எழுத்தில்! யார் துணிவார்கள்?

மேனகா தூண் பக்கம் பார்த்தாள். அப்புசாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் கண் படும். சொல்லாவிட்டால் கடை போகும். கடை போனால் அவன் லாரியைவிட்டு இறங்கவே மாட்டான். அவளுக்கு அழுகை முட்டியது.

"ஏதோ போவுதுங்க" என்றாள்.

"ஏதோன்னு எழுத முடியாது கண்ணு" என்றார் அருணா.

மேனகா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லாப் போவுதுங்க. ரொம்ப நல்லாப் போவுது. ஒவ்வொரு பஸ்சுக்கும் கூட்டம் எறங்குது. சனி ஞாயிறுல எனக்கு உக்கார நேரமில்ல. எங்க ஊடு என் கடையிலதானுங்க ஓடுது. அவரு அனுப்பற பணத்த நான் தொட்டதே இல்ல." சொல்லி முடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மழை வரவில்லை. பெருமாயிதான் வந்தாள். மைக்கைப் பிடுங்கி, "அவளுக்கே அப்படின்னா எனக்கு எப்படி இருக்கும்? என் மிளகுக்குச் சேலத்துல இருந்து கார் போட்டுக்கிட்டு வாராங்க!" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஆளாளுக்கு எழுந்து தன் கடைதான் முதல் என்று சண்டைக்கே போய்விட்டார்கள். சென்றாயனுக்கு எழுதி மாளவில்லை. நிறுத்தம் கல்மேட்டிலேயே இருக்கும், கடைகளை வைத்துக்கொண்டே புதிய வரைபடம் போட வேண்டும், அதை ஆபீசுக்குள் பூட்டாமல் நிறுத்தத்திலேயே மாட்ட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. முதலில் கை தூக்கியது அருணா.

கொட்டகைக்கு வெளியே அப்புசாமி காத்திருந்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"ஊடு கடையிலதான் ஓடுதா?"

"ஆமாங்க."

"அப்பறம் நான் எதுக்குப் புள்ள அங்க போயி மண்ணத் தின்னுக்கிட்டுக் கெடக்கறேன்?"

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சொன்னாக் கையவிட்டுப் போயிருமோன்னு பயமுங்க" என்று தேம்பினாள். "நீங்க போறப்பெல்லாம் போகாதீங்கன்னு சொல்லத்தான் இருந்தேன்."

அவன் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டான். "அண்ணா, இந்த நடைக்கு நான் வரலீங்க. இல்லீங்க, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இனிமேலும் வரலீங்க." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"நாளைக்குக் கடைய எப்பத் தொறக்கோணும்?"

"மொத பஸ்சு வாரதுக்குள்ளங்க" என்றாள் மேனகா.