ஊதா விரல்காரர்

பிரான்சில் வாக்களிப்பவர்களின் விரலில் மை பூசும் வழக்கம் இல்லை. இருந்தும், இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜனாதிபதித் தேர்தலின் முதற்சுற்று முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, அந்த நாட்டின் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு வாக்களித்த அத்தனை பேருக்கும் இடது கைச் சின்னி விரல் நகம் ஊதாவாகியிருந்தது. விஷயம் முதலில் வெளிப்பட்டது பிரான்சில் அல்ல. ஜெர்மனியில், றைன் ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும் கேல் என்ற சின்ன ஊரில். சிகரெட்டும் சம்பூவும் சலவைத் தூளும் இங்கே மலிவு. அதனால் அக்கரையில் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் சனம் பாலம் கடந்து வந்து பை பையாக அள்ளிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் கடைகள் பூட்டு என்பதால் திங்கட்கிழமை எப்போதும் நெரிசல். அன்று அப்படியொரு கடையின் காசுமேசையில் இருந்தவள் கொறற்றி. மன்னார் பேசாலையில் பிறந்தவள், ஐம்பது தாண்டியவள், கணவனை இழந்தவள். ஊரில் பள்ளிக்கூட மண்டபத்தில் தேர்தல் உத்தியோகத்தர் சின்னி விரலில் பூசிவிடும் மையை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பக்கத்து மேசை யூலியா, பீற்றூட் சீவியிருப்பார்கள் என்றாள். இத்தனை பேர் ஒரே நாளில் பீற்றூட் சீவுவார்களா என்று கொறற்றி கேட்டாள். மத்தியானம் வந்த ஒரு கிழவர் நகத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். அவருடைய மனைவி அந்தக் கையை வெளியே இழுத்து, நாற்பது வருடம் ஒன்றாகப் படுத்தெழும்பிய மனிதர் யாருக்கு வாக்களித்தார் என்பதை நகத்தைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும் என்று வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினாள். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிழமைக் கடைசியில் பாலத்தின் மேலால் டிராமும் ஓடத் தொடங்கியது. வந்த விரல்களும் கூடின.

மை எலுமிச்சம்பழத்துக்கும் போகவில்லை, பெற்றோலுக்கும் போகவில்லை. தோல் வைத்தியர்கள் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதிவிட்டு மழை வெள்ளத்துக்குப் போய்விட்டன. கொறற்றிக்குத்தான் அது போகவில்லை. அடுத்த ஞாயிறு அவளுடைய தம்பி லோறன்ஸ் வழக்கம் போல ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான், சின்னி விரலில் பிளாஸ்டரோடு. உணவகத்தில் சமையற்காரன், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து எட்டு வருடமாகிறது, மனைவி விட்டுப்போய்ப் பத்து வருடம். கத்தி வெட்டிவிட்டது என்றான். பிளாஸ்டரின் ஓரத்தால் ஊதா எட்டிப் பார்த்தது. இந்த லோறன்ஸ் தொண்ணூற்றொன்றில் இதே பாலத்தால் ஒரு மரக்கறி லொறியில், முட்டைக்கோவாப் பெட்டிகளுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்து, கடவுச்சீட்டு இல்லாமல் பிரான்சுக்குள் போனவன். அவனை அங்கே படுக்க வைத்துப் போர்வையால் மூடிவிட்டதே கொறற்றிதான். குழம்புச் சட்டியை அவனுக்கு நீட்டாமல் மேசையில் வைத்தாள்.

"ஏன்டா, உன்னை நாட்டை விட்டுக் கலைக்கிறவனுக்கே வோட்டுப் போட்டிட்டு வந்து என்ர மேசையில இருக்கிறியோ?"

"என்னை ஆர் கலைக்கிறது? நான் வேலை செய்து வரி கட்டுறவன். பின்னால வந்தவங்களைத்தான் சொல்லுறாங்கள்."

"நீயும் பின்னால வந்தவன்தான். கோவாவுக்குப் பின்னால."

மீன்குழம்பு ஆறிப்போனது. அதிலிருந்து ஐந்து வருடம் அவர்கள் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். வேறு சொந்தம் பக்கத்தில் இல்லை. வெறுக்கவும் ஓர் ஆள் வேண்டும்தானே. அவள் கறியில் உப்பைக் கூட்டினாள். அவன் முகம் சுளிக்காமல் தின்று தீர்த்தான். மை மெல்ல மெல்ல மங்கி, அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது மறுபடி ஏறியது. இந்த முறை விரல் முழுதும், அடிவரைக்கும். அந்த ஏப்ரலில் கேல் கடைகளில் கையுறை முடிந்துபோய், கொலோனில் இருந்து லொறியில் வரவழைத்தார்கள். வெயிலில் வேர்க்க வேர்க்கக் கையுறை போட்டுக்கொண்டு சனம் சிகரெட் வாங்கியது. பிரான்ஸ் எந்தப் பக்கம் போகிறது என்று தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டிக்காரர்கள் விவாதித்தார்கள். கொறற்றி விவாதிக்கவில்லை, மீதிக் காசை யாருடைய கையிலும் கொடுக்காமல் தட்டில் போடப் பழகிக்கொண்டாள்.

அதே வருடம் மாரிகாலத்தில் யூட்சன் வந்து சேர்ந்தான். கொறற்றிக்கும் லோறன்ஸுக்கும் நடுவில் பிறந்த இமெல்டா ஊரில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். அவளுடைய ஒரே பிள்ளை அவன். இலங்கையில் பெற்றோலும் இல்லை, பால்மாவும் இல்லை என்றிருந்த வருடம் அது. காலிமுகத்திடல் போராட்டத்தில் பொலிசிடம் அடிவாங்கிய தழும்போடு வந்தான். அகதி விண்ணப்பத்தைப் பிரான்சில்தான் கொடுத்தான். அதனால் பிரான்சில்தான் இருக்க வேண்டும். பாலம் கடந்து ஜெர்மன் பொலிசிடம் அகப்பட்டால் வழக்குக் கெட்டுப்போகும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். இருக்க ஒரு முகவரி வேண்டும், கடிதம் வந்து சேர ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவு லோறன்ஸின் கதவு. லோறன்ஸ் அவனை வைத்துக்கொண்டான். எங்கட பெடியன், அது வேற கதை என்றான். கொறற்றி அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டாள். ஞாயிறு தோறும் கறியில் உப்பு அளவாக விழுந்தது. ஊதா விரல் அப்பளத்துக்கு நீளும்போது அவளே எடுத்துக் கொடுத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. இமெல்டாவின் பிள்ளை தெருவில் படுக்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய அரசியல்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கில் திடீரென்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தார்கள். முதற்சுற்றுக்கு மறுநாள் கொறற்றி கையுறைகளைக் காசுமேசைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தாள், ஒன்றும் விலைப்படவில்லை. மை மணிக்கட்டு வரை ஏறியிருந்தது, ஆனால் யாரும் கையை ஒளிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் நகத்தை ஒளித்த கிழவர் ஊதாக் கையால் ஊதாக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிடித்திருந்தது மனைவியின் கை. பல்பசை வாங்கிய ஒருவன், சிரித்த முகத்தோடுதான், "மதாம், இங்கேயும் வரும், பாருங்கள். அப்போது நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று விசாரித்தான். "வீட்டுக்கு. ஆறு மணிக்கு வேலை முடியும்," என்றாள் கொறற்றி. பல்பசைக்கான பற்றுச்சீட்டையும் தட்டில் போட்டாள்.

இரண்டாம் சுற்றன்று நடந்தது இது. பிரான்சில் வாக்குச் சீட்டை எண்ணுவது உத்தியோகத்தர் மட்டுமல்ல. வாக்களிக்க வந்தவர்களிலேயே எழுத வாசிக்கத் தெரிந்தவர்களைப் பிடித்து மேசையில் இருத்துவார்கள். ஆள் குறைவாக இருந்ததால் லோறன்ஸைக் கேட்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். உறைகளைப் பிரித்துக்கொண்டு போகையில் ஒன்றுக்குள் இருந்து, அந்தக் கட்சி வேட்பாளரின் பெயர் அச்சிட்ட சீட்டு வந்தது. பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் அழுத்திப் போட்ட ஒரு புள்ளடி. ஊரில் வாக்களிப்பதென்றால் அதுதான்: வேண்டிய பெயருக்கு நேரே இரண்டு கோட்டைக் குறுக்கே கீறிவிடுவது. லோறன்ஸ் பதினெட்டு வயதில் பேசாலையில் படித்துக்கொண்டது அது. இங்கேயோ வேட்பாளருக்கொரு தனிச் சீட்டு. வேண்டியதை மடித்து உறையில் போட்டால் போதும், பேனா தொடவே கூடாது. மேசைத் தலைவி அதைப் பார்த்து, செல்லாது என்று தனியே வைத்தாள். யார் இந்த மடையன் என்று ஒருவர் சிரித்தார். லோறன்ஸும் சேர்ந்து சிரித்தான். முகத்தில் ஈயாடவில்லை. குடியுரிமை எடுத்த நாளிலிருந்து அவன் போட்ட ஒவ்வொரு சீட்டிலும் புள்ளடி போட்டிருந்தான். ஒன்றுகூட எண்ணப்படவில்லை.

இதைச் சொல்லி அழ அவனுக்குப் பிரான்சில் ஆள் இல்லை. புள்ளடி என்றால் என்னவென்று தெரிந்தவளிடம்தானே சொல்ல முடியும். திங்கட்கிழமை பின்னேரம் கொறற்றி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வாசலில் நின்றான். "ஊரில புள்ளடி போடாட்டித்தான் அக்கா செல்லாது. இங்க போட்டாச் செல்லாதாம்," என்றான். கொறற்றி அடக்கத்தான் பார்த்தாள். யூட்சனை நினைத்தாள், கன்னத்தை உள்ளுக்குள் கடித்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சப்பாத்தோடு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு வருடமாக அமுக்கி வைத்த அத்தனையும் சிரிப்பாக வந்தது. "கை முழுக்க மை, பெட்டிக்குள்ள ஒண்டுமில்லை! இவ்வளவு காலமும் நீ ஒருத்தரையும் கலைக்கேல்லையடா!" லோறன்ஸ் திரும்பி நடந்தான். அவள் மற்றச் சப்பாத்தைக் கழற்ற முன்னமே கைபேசி அடித்தது போலத்தான் இருந்தது. "பெரியம்மா, மாமா என்ர பையைத் தூக்கி வெளியில வைச்சிட்டார். கதவைத் திறக்கிறார் இல்லை."

கொறற்றி சிரித்த வாயோடு டிராமில் ஏறினாள். பாலத்தின் நடுவிலே அழுதாள். படிக்கட்டில் பையின் மேல் யூட்சன் குந்தியிருந்தான், இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கண் சிவந்து. அவள் குரல் கேட்டு லோறன்ஸ் கதவைத் திறந்தான். சமையலறைக் கதிரையில் அவன் உட்கார, அவள் நின்றாள். இப்ப சிரி பாப்பம் என்றான். என்ர வோட்டும் வோட்டுத்தான் எண்டு சொல்லு என்றான். சொன்னாள். பிறகு அவன் இடது கையை நீட்டினான். அவர்கள் வீட்டில் வருடப்பிறப்பன்று தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் இளையவர்கள் மூத்தவர்களின் கையை முத்தி, உதட்டை ஒற்றி, ஆசீர்வாதம் கேட்பார்கள். அக்காவின் கையை ஒவ்வொரு வருடமும் முத்தியவன் அவன். இன்றைக்குத் தன் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். கொறற்றி கதவுக்கு வெளியே தெரிந்த பையைப் பார்த்தாள். குனிந்து அந்த ஊதாக் கையை முத்தினாள். "அடுத்த முறை புள்ளடி போடாமப் போடு, தம்பி. எண்ணுவாங்கள்," என்றும் சொன்னாள். அப்படிச் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை. அவளாகவேதான் சொன்னாள், இன்னும் ஏதும் கேட்டுவிடுவானோ என்ற பயத்தில். யூட்சனின் பை உள்ளே போனது. திரும்பும்போது அவள் டிராமில் ஏறவில்லை. பாலத்தில் நடந்து, நட்ட நடு ஆற்றுக்குள் காறித் துப்பினாள். தன்னையும் சேர்த்துத்தான்.

அந்த வருடம் செப்டெம்பரில் ஜெர்மன் பொலிஸ் பாலத்தில் சோதனை போடத் தொடங்கியது. பெப்ரவரியில் ஜெர்மனியிலும் தேர்தல் வந்தது. மறுநாள் காலையில் வேலைக்கு வந்த யூலியா இடது கையைக் கவுண்டருக்குக் கீழே வைத்திருந்தாள், கொறற்றி கேட்கவில்லை. பாலத்துக்கு இரண்டு பக்கத்திலும் கடைக்காரர்கள் ஊதாக் கைக்குப் பொருத்தமான நகப்பூச்சு விற்றார்கள். நல்ல வியாபாரம். முதலில் தள்ளுபடியான வழக்கை ஒக்டோபரில் மேன்முறையீட்டில் யூட்சன் வென்றான். பத்து வருட அனுமதி, வேலை, அகதிப் பயணப் பத்திரம் எல்லாம் கிடைத்தது. முதல் முறையாகப் பாலம் கடந்து வந்தான். பொலிஸ்காரன் பத்திரத்தைப் பார்த்து, சரி போ என்றான். கொறற்றி இரண்டு நாளாகச் சமைத்தாள். பிட்டு, நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல். இமெல்டாவின் முகம் அப்படியே அவனில் இருந்தது. மேசையில் அவனை இருத்திப் பார்த்தபோது, துப்பியதெல்லாம், முத்தியதெல்லாம் இதற்காகத்தான், பரவாயில்லை என்று நெஞ்சு நிறைந்துபோனாள்.

யூட்சன் நண்டை உடைத்துக்கொண்டே கதைத்தான். பத்திரம் எடுக்கக் குடிவரவுக் கந்தோருக்குப் போன கதை. "விடியவே லைன்ல நிக்கிறாங்கள் பெரியம்மா. ஆப்கான்காரர், ஆபிரிக்கன்காரர், கட்டுக் கட்டா. உண்மையா அடிபட்டு வந்த எங்களைப் போலயோ இவங்கள்? சும்மா வாறாங்கள். இனி ஒருத்தரையும் எடுக்கக் கூடாது, அப்பதான் எங்களுக்கு ஒரு மதிப்பு வரும்."

கொறற்றியின் கரண்டி கறிச்சட்டிக்கு மேலே நின்றது. அவன் இடது கை தட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. சின்னி விரல் நகம் ஊதாவாகிக்கொண்டிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நுனியில் இருந்து அடி நோக்கி. அவனுக்கு எந்த நாட்டிலும் வாக்கு இல்லை. மை அதையெல்லாம் பார்ப்பதில்லை என்பது கேல் ஊரில் அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அவள் பார்வை போன இடத்தை யூட்சனும் பார்த்தான். பெருவிரலால் தேய்த்தான்.

"எங்கயோ பட்டிட்டுது பெரியம்மா. கழுவினாப் போயிரும்."

"போகாது," என்றாள் கொறற்றி. "நீ சாப்பிடு."

நண்டின் பெரிய காலாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.